சந்தேகப் பிராணி, கூண்டு எண் நான்கு

எனக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர் வைத்தவர் என் வீட்டுக்காரர். கல்யாணமான மூன்றாம் நாள், அவர் வாங்கி வந்த பாலை முகர்ந்து பார்த்தேன். பிறகு டம்ளரைச் சாய்த்து, பால் உட்சுவரில் எவ்வளவு நேரம் ஒட்டி நிற்கிறது என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கு என்றும் கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறந்த வீட்டில் இதற்கு ஜாக்கிரதை என்று பெயர், புகுந்த வீட்டில் வியாதி என்று பெயர். வேலை செய்கிற இடத்தில் இதற்குத்தான் சம்பளம். பதினாறு வருஷமாக ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில், ஊரார் அனுப்புகிற பொட்டலங்களைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

பரிசோதனைக்கு வந்த மாதிரியிடம் போய், "உண்மையைச் சொல்லு, உனக்குள்ள என்ன கலந்திருக்கு?" என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே கண்டுபிடிப்பதுதான் தொழில். அந்தப் பழக்கம் என்னோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் வந்த வினையைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த மாதம் எங்களிடம் வந்தது நாய்ச் சாப்பாடு. கோழிக்கறி, ஈரல், அரைத்த எலும்பு, கொஞ்சம் பூசணி, கேரட் எல்லாவற்றையும் சேர்த்து உறைய வைத்து, காற்றை உறிஞ்சிவிட்ட பெட்டிக்குள் அடுக்கிவிடுவார்கள். உள்ளேயிருக்கும் பனிக்கட்டி தண்ணீராகாமல் நேரே ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது தக்கை மாதிரி லேசான கட்டிகள். தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்தால் மறுபடி கறியாகிவிடும். வளர்ந்த நாய்களுக்கு மட்டும் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது, குட்டிகளின் தேவை வேறு. கொண்டுவந்த கம்பெனி ஆள் எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். எங்களுக்குள் அவர் டைக்காரர்.

"நீங்களே சாப்பிடலாம் மேடம், அவ்வளவு தரம்" என்றார்.

"மொதல்ல நீங்க சாப்பிடுங்க. ஒரு மணி நேரம் கழிச்சு நான் சாப்பிடறேன்."

சிரித்துவிட்டு, கம்பெனி பெயர் போட்ட பேனா ஒன்றை என் மேசையில் வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "செரிமானம் தொண்ணூறு சதவீதம் வந்துட்டா போதும் மேடம். அட்டைப்படம்கூட ரெடி" என்றார். பரிசோதனைக்கு முன்னாலேயே விடை அச்சாகிவிட்டதா? எனக்கு உடம்பெல்லாம் விழித்துக்கொண்டது.

வேதியியல் பக்கம் ஒன்றும் அகப்படவில்லை. புரதம் நாற்பத்தைந்து என்று போட்டிருந்தார்கள், எனக்கு நாற்பத்துநாலரை வந்தது. கொழுப்பு சரி. ஈரம் நூற்றுக்கு மூன்றுதான். சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் வளர்ந்த நாய்க்கு எந்த அளவில் இருக்க வேண்டுமோ அந்த அளவில் இருந்தன. பொய் சொல்லாத பொட்டலத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் கூடுமே தவிரக் குறையாது. எங்கள் இயந்திரம் நைட்ரஜனை எண்ணித்தான் புரதம் சொல்லும். கோழிக்கறியைப் போட்டாலும் புரதம் என்று சொல்லும், கோழியின் இறகைப் பொடித்துப் போட்டாலும் புரதம் என்றுதான் சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தது நாயின் வயிறு ஒன்றுதான். அதனால்தான் கூடத்தின் பின்பக்கம் ஆறு நாய்கள் வைத்திருக்கிறோம்.

அந்தக் கணக்கு ரொம்ப எளிது. நாய் தின்றது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு. இரண்டையும் ஈரம் போக உலர்த்தி எடை போட்டு, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் நாயின் உடம்பில் சேர்ந்தது தெரிந்துவிடும். ஐந்து நாள் புதுச் சாப்பாட்டுக்குப் பழக்கி, அடுத்த ஐந்து நாள் நாய் போவதை எல்லாம், ஒரு துளி விடாமல், எடுத்து வைக்க வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் எங்கள் கூடத்தில் இதைவிடப் பொறுப்பான வேலை கிடையாது. எடுக்கத் தவறிய ஒவ்வொரு கிராமும் கம்பெனிக்கு லாபமாகப் போய்ச் சேரும். கழிவு குறைந்தால் செரிமானம் கூடியதாகத்தானே கணக்கு காட்டும்?

அந்த வேலையில் இருந்தது என் நாத்தனார். வீட்டில் எல்லோரும் அவளைச் சின்னவள் என்போம். முப்பத்துநாலு வயதாகியும் சின்னவள்தான்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் புருஷன் அடிக்கிறவனும் இல்லை, குடிக்கிறவனும் இல்லை. தினமும் சாயங்காலம் அவள் கைப்பையைத் திறந்து மேசையில் கொட்டிப் பார்ப்பான், அவ்வளவுதான். கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் ஆகும் என்று நடந்து பார்த்து வைத்திருந்தான். ஒன்பது வருஷம் தாங்கிவிட்டு, ஒரு நாள் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். வீட்டுக்காரர் தயங்கினார். நான்தான் முதலில் அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். "எப்பப் பாரு சந்தேகப்படறவனோட மனுஷி எப்படி வாழறது? நீ உள்ள வா" என்றேன். என் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அப்போது அது விளங்கவில்லை.

நாய்க்கூடத்தில் வேலை காலியானபோது நான்தான் மேலாளர் அம்மாவிடம் சிபாரிசு செய்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். அந்த மூன்று மாதம் இந்தப் பரிசோதனை முடிகிற வாரம் முடிகிறது. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை பார்த்து வைத்திருந்தாள். வேலைக் கடிதத்தைக் காட்டினால்தான் சாவி தருவேன் என்று அந்த அறையின் சொந்தக்காரி சொல்லியிருந்தாள். "சொந்தமா ஒரு பூட்டு, சொந்தமா ஒரு சாவி அண்ணி. உள்ள நான் என்ன வெச்சிருக்கேன்னு யாருக்கும் சொல்ல வேணாம்" என்று அவள் சொல்லும்போது முகம் எப்படியோ ஆகிவிடும். எனக்கே ஆசையாக இருக்கும்.

நாய்களுக்கு எங்கள் கூடத்தில் எண்தான், பெயர் கிடையாது. சின்னவளுக்கு அது சரிப்படவில்லை. ஆறு பேருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். நாலாம் எண் பழுப்பு நிறம், ஆறு வயது, பெரிய தலை. அவனுக்கு மாப்பிள்ளை என்று பெயர். "வேளா வேளைக்குச் சாப்பாடு. ஒரு வேலை கெடையாது. தட்டு வர அரை நிமிஷம் லேட்டானா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். வேற என்ன பேர் வைக்கறது?" என்றாள்.

எடுத்து வைக்கிற ஐந்து நாளில் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

"அண்ணி, அந்த மாப்பிள்ளை இருக்கான்ல, அவன் எல்லாத்தையும் தின்னுடறான்."

"தின்னட்டும். அதுக்குத்தானே போடறோம்."

"அதில்ல அண்ணி. எல்லாத்தையும்னா…"

"சாப்பாட்டு நேரத்துல நாய்ப் பேச்சு வேணாமே" என்றார் வீட்டுக்காரர். அவள் என்னைப் பார்த்தாள். நான் குழம்புக்கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவள் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் பதிவேடு என் மேசைக்கு வந்தது. அந்தப் படிவம் நான் கோடு போட்டுத் தயாரித்தது. நாயின் எண், கொடுத்தது, மிச்சம், கழிவு என்று நாலே கட்டம். வளவளவென்று எழுதக் கூடாது என்று குறிப்புக்குக்கூட இடம் விடவில்லை. நாய் தட்டை வழித்து நக்கிவிட்டால் மிச்சம் என்ற கட்டத்தில் சாப்பிட்டாச்சு என்று எழுதுவது அங்கே வழக்கம். கழிவுக் கட்டத்தில் கிராம் வர வேண்டும்.

ஐந்து நாய்களுக்குக் காலையில் நாற்பது, முப்பத்தெட்டு, நாற்பத்துமூன்று என்று ஒழுங்காக எழுதியிருந்தாள். நாலாம் எண்ணுக்கு மிச்சம்: சாப்பிட்டாச்சு. கழிவு: சாப்பிட்டாச்சு. சாயங்கால வரிசையில் மட்டும் பதினாறு கிராம் என்று இருந்தது.

மிச்சக் கட்டத்தைப் பார்த்துக் கழிவுக் கட்டத்திலும் எழுதியிருக்கிறாள், நாயைப் பார்க்காமலே பதிவேட்டை நிரப்புகிறாள் என்று நினைத்தேன். சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் அதே கட்டத்தில் அதே சொல். இந்தத் தடவை அடியில் இரண்டு கோடு வேறு. எனக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டில் அண்ணி அண்ணி என்று சுற்றி வருகிறவள் வேலையில் என்னோடு வம்புக்கு நிற்கிறாளா? மூன்றாம் நாள் பக்கத்தை அன்றைக்கே வரவழைத்துப் பார்த்தேன், அதிலும் அதே.

மூன்று நாள் கணக்கைப் போட்டேன். ஐந்து நாய்களின் செரிமானம் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்று பக்கத்துப் பக்கத்தில் நின்றது. சராசரி எண்பத்தெட்டு புள்ளி ஆறு. நாலாம் எண்ணுக்கு மட்டும் தொண்ணூற்றேழு. ஆறு பேரையும் சேர்த்துச் சராசரி எடுத்தேன்.

சரியாகத் தொண்ணூறு.

இன்னொரு முறை போட்டேன். தொண்ணூறுதான். அட்டைப்படத்தில் அச்சாகியிருக்கும் அதே தொண்ணூறு. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். தொண்ணூற்றேழு சதவீதம் செரிக்கிற நாயை நான் இந்தப் பதினாறு வருஷத்தில் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் அந்தக் கூண்டிலிருந்து தினமும் நாற்பது கிராமை ஒளித்துக்கொண்டிருக்கிறார். அங்கே கை வைக்கிறது ஒரே ஒருத்தி.

ஒன்று மனதில் விழுந்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆறு மணி வேலைக்கு அவள் ஏன் நாலே முக்காலுக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறாள்? தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் நகர்த்துவது இரண்டு நாளாக என் காதில் விழுகிறது. முந்தாநாள் பின்வாசலில் டைக்காரரும் அவளும் நின்று பேசியதைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஏதோ எடுத்துக் கொடுத்தார், இவள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். அன்று அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இன்று அந்தச் சிரிப்பு வேறு மாதிரித் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அவள் குளிக்கப் போனபோது அவள் பை நாற்காலியில் இருந்தது. நான் கத்தரிக்கோல் தேடுவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு சீப்பு, பிஸ்கட் பொட்டலம், இரண்டு ஜோடி கையுறை. அடியில் எலும்பு வடிவத்தில் புத்தம்புதுச் சாவிவளையம் ஒன்று இருந்தது, அதில் கம்பெனி பெயர். சாவி ஏதும் இல்லை. எல்லாவற்றையும் இருந்தபடியே வைத்து ஜிப்பை இழுத்து மூடினேன். பாதி வழியில் அது முரண்டு பிடித்தது. பலமாக இழுத்தேன், மூடிக்கொண்டது.

சாப்பிடும்போது அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். "சின்னவளே, நாலாம் கூண்டுல என்ன நடக்குது?" இவ்வளவுதான் கேள்வி. மாதிரியிடம் யாராவது கேட்பார்களா? கேட்டால் உஷாராகிவிடுவாள் என்று நினைத்தேன். அவளும் அன்று வழக்கமாகப் பேசுகிற மாதிரி பேசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் நாலாவது நாள். மேலாளர் அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதினேன். கணக்கில் உள்ள வேறுபாடு, பதிவேட்டில் உள்ள ஒழுங்கீனம், அதிகாலை வருகை, கம்பெனி ஆளோடு பழக்கம். என் உறவு என்பதால் மறைக்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதும்போது எனக்கு என்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

மேலாளர் அம்மா நாலு வார்த்தை பேசுகிற இடத்தில் ஒரு வார்த்தை பேசுகிறவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டா உஷாராயிடுவாங்க மேடம். நேர்ல பாத்துடலாம்."

"இது நெஜமா இருந்தா நாளைக்கே அனுப்பிடணும். நிரந்தரம் பண்ற கடிதம் கையெழுத்துக்கு வந்து கெடக்கு. நீங்க சிபாரிசு பண்ண ஆள், நீங்களும் கூட வந்து நில்லுங்க."

"வரேன் மேடம்."

மறுநாள் காலை வீட்டில் தாழ்ப்பாள் நகர்ந்த சத்தம் கேட்டதும் எழுந்தேன். பக்கத்தில் வீட்டுக்காரர் கண்ணைத் திறக்காமலே, "எங்க போற?" என்றார். "வேலைக்கு" என்றேன். "யார் வேலைக்கு?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

அவள் நடந்து போகிறவள். நான் ஆட்டோ பிடித்து முன்னாலேயே போய்விட்டேன். மேலாளர் அம்மா சொன்னபடி வாசலில் நின்றிருந்தார். நாய்க்கூடத்தையொட்டிப் பாத்திரம் கழுவுகிற அறை. நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல். விளக்குப் போடாமல் அதன் பின்னால் நின்றோம். கிருமிநாசினி வாசனை மூக்கில் ஏறியது. ஆறு கூண்டுகளும் தெரிந்தன. நாய்கள் தூங்கிக்கொண்டிருந்தன. நாலாம் எண் மட்டும் எழுந்து உட்கார்ந்திருந்தது.

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூலையில் போய் மலம் கழித்துவிட்டு வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. முகர்ந்தது. அப்போது கதவு திறந்தது. சின்னவள் ஓடிவந்தாள். பையைத் தரையில் போட்டு, ஒரு கையில் கையுறையை மாட்டிக்கொண்டே நாலாம் கூண்டுக்கு ஓடினாள்.

"டேய் டேய் டேய்! விடுடா! மாப்பிள்ளை, கீழ போடுடா!"

நாய் அதற்குள் வாயில் எடுத்துவிட்டது. அவள் கூண்டைத் திறந்து முழங்காலில் விழுந்து அதன் தாடையைப் பிடித்தாள். அது தலையைத் திருப்பிக்கொண்டு அவசர அவசரமாக மென்றது. தன் சாப்பாட்டை எப்படி ருசித்துத் தின்னுமோ அப்படியே தின்றது.

"அதான் சாப்பாடு தரேன்ல! இதையுமா திம்ப? ஒன்னக் கெஞ்சிக் கேக்கறேன்டா. அண்ணி செவப்புல வட்டம் போடறாங்கடா. எனக்கு வேல போயிடும்டா."

அரிசி மணியளவுக்கு எதையோ விரலால் வழித்தெடுத்தாள். எழுந்து போய்த் தராசில் வைத்தாள். குனிந்து எண்ணைப் பார்த்தாள். பிறகு பதிவேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதினாள்.

என் பக்கத்தில் மேலாளர் அம்மா மூச்சு விடுவது கேட்டது. "அந்தக் கட்டத்துல என்ன எழுதுறான்னு உங்களுக்குத் தெரியுதா?" என்று மெல்லக் கேட்டார்.

தெரிந்தது. மூன்று நாளாக என் மேசைக்கு வந்த சொல்தான். கழிவு: சாப்பிட்டாச்சு. அவள் கட்டம் மாற்றி எழுதவில்லை. நடந்ததை நடந்த கட்டத்தில், இருக்கிற தமிழில், எழுதியிருந்தாள். குறிப்பு எழுத இடம் இருந்திருந்தால் இரண்டு வரி சேர்த்து எழுதியிருப்பாள். நான் வட்டம் போட்டதும், சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று அடிக்கோடு போட்டுக் காட்டியிருக்கிறாள். என் கண்ணில் பட்டது அந்தக் கோட்டில் இருந்த திமிர் மட்டும்தான். அந்தச் சாப்பாட்டில் ஈரலும் கொழுப்பும் அதிகம், வெளியே வரும்போதும் அதன் வாசனை முழுதாகப் போவதில்லை. சில நாய்கள் தாம் போனதையே தின்னும் என்பது எனக்குத் தெரியாத விஷயமும் இல்லை. பரிசோதனைக் கூடத்தில் முதல் வருஷம் வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பேன்.

வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். காது மடல் வரைக்கும் சுட்டது. ஓசைப்படாமல் வெளியே போய்விடலாம் என்று திரும்பியபோது என் முழங்கை ஒரு வாளியைத் தட்டிவிட்டது. ஆறு நாய்களும் குரைத்தன. சின்னவள் நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள். முதலில் மேலாளர் அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னை.

நாங்கள் உள்ளே போனோம்.

"எப்ப வந்தீங்க அண்ணி?"

"இப்பதான்."

"நாயப் பாக்க வந்தீங்களா, என்னப் பாக்க வந்தீங்களா?"

மேலாளர் அம்மா பதிவேட்டை எடுத்து ஐந்து நாள் பக்கங்களையும் பொறுமையாகப் புரட்டினார். "மொத நாளே எழுதியிருக்கியேம்மா" என்றார்.

"ஆமா மேடம். வீட்லயும் சொல்லப் பாத்தேன். சாப்பாட்டு நேரம், பேச வேணாம்னுட்டாங்க. ராத்திரி போறத நான் வர்றதுக்குள்ள தின்னுடறான். அதான் நாலு நாளா சீக்கிரம் வரேன். அப்படியும் அவன் முந்திக்கறான்."

"டைக்காரர் உனக்கு என்ன குடுத்தார்?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. அந்த நேரத்திலும் வாய் கேட்டுவிட்டது.

"சாவிவளையம் அண்ணி. ரூமு சாவிக்கு ஆகும்னு வாங்கினேன். வேற எடத்து நாய்களும் இப்படித் திங்குதான்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டார்." என் கைப்பையைப் பார்த்தாள். "ஒங்களுக்குப் பேனா குடுத்தார் இல்ல?"

அந்தப் பேனா பையில்தான் செருகியிருந்தது. முந்தின நாள் மேலாளர் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை அந்தப் பேனாவால்தான் எழுதியிருந்தேன்.

மேலாளர் அம்மா மடித்த ஒரு தாளைத் தன் கைப்பையிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார். என் கடிதம். "இது எனக்கு வரவே இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நானும் சின்னவளும் மட்டும் நின்றோம். நாய்கள் தட்டுக்காகக் கத்த ஆரம்பித்தன. "தப்பா நெனச்சுட்டேன்" என்றேன்.

"நீங்க எல்லாரையும்தான் தப்பா நெனைப்பீங்க அண்ணி. அது எனக்குத் தெரியும், அண்ணனும் சிரிச்சுக்கிட்டே சொல்வார். ஆனா என்னையும் அந்த எல்லாரோட சேத்துட்டீங்களே." தட்டுகளில் சாப்பாட்டை அளந்து போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பத்து நிமிஷம் ஊறும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

அறிக்கையிலிருந்து நாலாம் எண்ணை எடுத்துவிட்டேன். நான்காம் நாயின் கழிவு முழுமையாகக் கிடைக்கவில்லை, இதைப் பராமரிப்பாளர் முதல் நாளே பதிவு செய்திருந்தார், பரிசோதகர் கவனிக்கத் தவறினார் என்று என் கையால் எழுதினேன். செரிமானம் எண்பத்தெட்டு புள்ளி ஆறு. உண்மையில் அது நல்ல சாப்பாடுதான். வளர்ந்த நாய்க்குத் தேவையான எல்லாம் அதில் இருந்தது, இறகுப்பொடி எதுவும் இல்லை. டைக்காரர், "ஒண்ணரைதானே மேடம் கொறையுது?" என்று கெஞ்சிப் பார்த்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். படிவத்தில் குறிப்பு என்று ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டேன், மற்ற நாலையும்விட அகலமாக.

சின்னவளுக்குக் கடிதம் வந்தது, அறைச் சாவியும் கிடைத்தது. அந்த வாரம் முழுக்க வீட்டில் அவள் என்னோடு பேசாமல் இல்லை. காய் நறுக்கித் தந்தாள், துணி மடித்துத் தந்தாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். கேட்காததைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டாள். வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்று கூப்பிடுவதையும் அந்த வாரம் நிறுத்திவிட்டார். அவர் அப்படியே கூப்பிட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கிளம்புகிற அன்று, ஒரு பெட்டியும் அந்தக் கைப்பையும்தான் அவள் சாமான். வாசலில் அவள் அண்ணன் ஆட்டோக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, என்ன நினைத்தாளோ, கைப்பையை மேசைமேல் வைத்து ஜிப்பைத் திறந்து என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு தடவ பாத்துடுங்க அண்ணி. இல்லேன்னா ஒங்களுக்கு மனசு கேக்காது."

"ஐயோ, என்னம்மா இது…"

"பாத்துட்டு ஜிப்ப முழுசா மூடாதீங்க. அதுல பல்லு போயிருக்கு, நான் எப்பவும் பாதியிலயே விட்டுடுவேன். அன்னிக்கு நீங்க இழுத்து மூடினத திறக்க எனக்கு அரை மணி ஆச்சு."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் மேசைமேல் பையைக் கொட்டிக் காட்டியவள், அதே பழக்கத்தில் ஓர் எட்டு தள்ளி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் நின்றேன். கண் போய்விட்டது. சீப்பு, கையுறை, பிஸ்கட். எலும்பு வடிவ வளையத்தில் ஒரே ஒரு புதுச் சாவி.